பதினைந்து ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம்

மாதம் முந்நூற்றைம்பது ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒருவர், போடிமெட்டு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு என்னிடம் எட்டணா கடன் கேட்டார். அப்போது என் சம்பளம் அறுபது. எட்டணா என்பது என்னுடைய இரண்டு மாதச் சொந்தச் செலவு.

மிகைப்படுத்தவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். அறுபதில் முப்பத்தைந்து வீட்டுக்கு. எங்கள் ஊர் ராசிங்காபுரத்திலிருந்து ஆபீஸ் இருக்கிற போடிக்கு பஸ் ஒரு தடவைக்கு மூன்றணா, போக வர ஆறணா. மாதம் இருபத்தாறு நாளைக்கு ஒன்பது ரூபாய் பன்னிரண்டணா. சேமிப்பு பதினைந்து. மீதி நாலணா. ரிப்பன், கொண்டை ஊசி, மை, தலைவலித் தைலம் எல்லாம் அந்த நாலணாவுக்குள் அடங்க வேண்டும். அடக்கினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த மனிதர் மெட்ராஸிலிருந்து வந்த ஆலோசகர். எங்கள் ஆபீஸ், வெளியூரில் இருக்கிற முதலாளிகள் பலருடைய ஏலக்காய்த் தோட்டங்களை அவர்களுக்காக நிர்வாகம் செய்கிற ஒரு கம்பெனியின் போடி கிளை. தோட்டச் செலவை எப்படிக் குறைப்பது என்று ஆலோசனை சொல்ல, மெட்ராஸிலே ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள். அந்த நிறுவனம் இவரை அனுப்பியது. வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. தை மாதம் வந்தார், சித்திரை முடியும் வரை இருந்தார். அவர் சொல்வதை எழுதவும், எழுதியதை டைப் அடிக்கவும், கூட்டல் சரிபார்க்கவும் என்னைப் போட்டார்கள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பாவை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். என் பள்ளிக்கூடத் தாள்களில் எல்லாம் அய்யாவின் கட்டைவிரல் ரேகைதான் இருக்கும். குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கரில் சோளமும் கடலையும் போடுவார். அந்த வேலை ஓய்ந்தால் குரங்கணிக்குப் போய், மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்குவார்.

அன்று மானேஜரும் ஆலோசகரும் நானும் ஜீப்பில் மேலே போயிருந்தோம். வளைவுக்கு வளைவு ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். போடிமெட்டில் இறங்கியதும் முகம் வெளுத்து, இஞ்சி டீ வேண்டும் என்றார். பையைத் தடவினார். பத்து ரூபாய் நோட்டு ஒன்றுதான் இருந்தது.

"சில்லறை இல்லா சாரே," என்று மலையாளிக் கடைக்காரர் கையை விரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மோளே, நீ கொடுத்தோ. சார் பின்னே தரும்," என்றார்.

கொடுத்தேன். ஊக்கால் குத்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த எட்டணா.

தோட்டத்தில் அவர் செய்த வேலை எனக்கு அப்போது வேலையாகவே படவில்லை. தையோடு கடைசிப் பறிப்பு. ஈரத்தில் குந்தி, செடித் தூரைக் கையால் விலக்கி, பெண்கள் காய் கிள்ளுவார்கள். இவர் பொத்தான் வைத்த ஒரு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஒரு கூடை நிறைய எத்தனை நிமிஷம் என்று சொல்வார், நான் எழுதுவேன்.

"என்னத்தா, இந்த ஆளு கடியாரத்தக் கையிலயே வச்சிருக்காரு, கட்டிக்கிறதுக்கு வார் இல்லையா?" என்றாள் ஒருத்தி.

"அது அட்டை ஏறுற நேரத்தப் பாக்குறதுக்கு. அவரு கால்ல இப்ப மூணு ஏறிருச்சு, அதையும் எழுதிக்க தாயி," என்றாள் இன்னொருத்தி, என்னைப் பார்த்து.

அவர் குனிந்து காலைப் பார்த்துவிட்டு அலறிய அலறலில் அந்தச் சரிவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மானேஜர் முறைத்தார்.

மறுநாள் ஆபீசில் எட்டணாவைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அந்தப் பத்து ரூபாய்தான் இந்த மாசத்துக்குக் கடைசி நோட்டு. நேத்து அதை உடைச்சிருந்தா நேத்தே தீர்ந்திருக்கும்," என்றார்.

தேதி இருபத்துமூன்று. முந்நூற்றைம்பது ரூபாய் எங்கே போகும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அறை வாடகை அறுபது. கோட்டும் சூட்டும் இல்லாம ஒரு முதலாளி முன்னாலே போய் உட்கார முடியாது. அதுக்குத் தையல்காரருக்குத் தவணை. சலவை. கூட வேலை செய்யறவங்க சனிக்கிழமை ஹோட்டலுக்குப் போனா நான் மட்டும் வரலைன்னு சொல்ல முடியாது. டாக்சியிலே போய் இறங்கினாத்தான் கம்பெனிக்காரன் மதிப்பான். எங்க வேலையிலே சேர்ந்த ஆளுங்க யாருமே முதல் நாலு வருஷத்திலே ஒரு காசு சேர்த்ததில்லை. நீங்க எவ்வளவு சேர்க்கறீங்க?"

"மாசம் பதினஞ்சு."

"அறுபதிலேயா?"

"அறுபதுலதான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ நீங்கதான் எனக்கு ஆலோசனை சொல்லணும்."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் நான் சொன்னேன். எனக்குத் தெரியாதா? சம்பளக் கவர் கைக்கு வந்த அன்றைக்கே, வேறு எங்கும் நிற்காமல், பஜார் போஸ்டாபீசுக்குப் போக வேண்டும். சேர்க்க நினைத்ததை முதலில் கட்டிவிட வேண்டும். கையில் இருப்பதுதான் சம்பளம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். இங்கே தங்குகிற இடமும் சாப்பாடும் கம்பெனி செலவு, டாக்சி கிடையாது, கோட்டைப் பார்த்து மதிக்கிற ஆளும் கிடையாது. இந்த மூன்று மாதத்தில் சேர்க்காவிட்டால் எப்போதும் சேர்க்க மாட்டீர்கள் என்றேன். அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். தொழில் பழக்கம்.

இதில் வெட்கப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. எனக்குப் போஸ்டாபீசில் கணக்கு இல்லை.

என் பதினைந்து ரூபாயை மாதாமாதம் அம்மாவிடம் கொடுத்து வந்தேன். அடுக்குப் பானையில் மேலிருந்து மூன்றாவதில், துவரம்பருப்புக்கு அடியில் அம்மா வைப்பாள். போஸ்டாபீஸ் மூடிய பிறகுதான் எனக்கு ஆபீஸ் விடும் என்பது ஒரு காரணம். ஒரு நாள் அரை நாள் லீவு போட்டிருந்தால் அது தீர்ந்திருக்கும். உண்மையான காரணம், அந்தப் பாஸ் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மாவை நம்பாதவள் என்று ஆகிவிடும். "நீ சோலிக்குப் போ தாயி, துட்ட நான் பாத்துக்கிர்றேன்," என்று முதல் மாதமே சொல்லிவிட்டாள். எண்ணிப் பார்க்கக்கூட நான் கேட்டதில்லை. படித்த திமிர் என்று நினைத்துவிடுவாளோ என்று பயம்.

பணம் எதற்கு என்பது அந்த மாசி மாதத்தில்தான் எனக்கே தெளிவானது. ஆலோசகர் தயார்செய்த ஒரு பெரிய பட்டியலை நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் மாதத்துக்கு எத்தனை கூடை பறிப்பாள் என்று முப்பது நாளால் பெருக்கியிருந்தார். நான் நிறுத்திவிட்டு அவரிடம் போனேன்.

"சார், வாரத்துக்கு ஒருநா போடிச் சந்தை. அன்னைக்கு யாரும் செடிக்குப் போகமாட்டாங்க. அரிசி வாங்க மலையவிட்டுக் கீழ இறங்கிருவாங்க. இருபத்தாறுதான் போடணும்."

அவர் பட்டியலைப் பார்த்தார். அதை வைத்து மேற்கொண்டு போட்ட பதினோரு பக்கமும் தப்பு. பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் குறுக்கே அடித்தார். பிறகு, மெட்ராஸில் பெண்களுக்குக் கணக்கியல் கற்றுக்கொடுக்கிற ஓராண்டு வகுப்பு ஒன்று இருப்பதாகச் சொன்னார். தேறினால் தன் நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், பெண்களையும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். கட்டணமும் விடுதிக்கு முதல் தவணையும் சேர்த்து நூற்றைம்பது. ஜூன் முதல் வாரத்துக்குள் கட்ட வேண்டும். மீதித் தவணைக்கு அங்கேயே மாலையில் டைப் அடிக்கிற வேலை தருவார்கள்.

நான் வேலையில் சேர்ந்தது ஜூன் மாதம். மே சம்பளத்தோடு பன்னிரண்டு மாதம். பதினைந்து வீதம் நூற்றெண்பது. நூற்றைம்பதைக் கட்டிவிட்டு, முப்பது ரூபாயில் ரயிலும் ஒரு தகரப் பெட்டியும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், நிற்பதாகவே தெரியவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பங்குனியில், பக்கத்துத் தெருவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் போக முடிந்தது. சாப்பாட்டுப் பந்தலுக்கு வெளியே, பாயில் உட்கார்ந்து மொய் எழுதிக்கொண்டிருந்தவர் என் தாய்மாமன். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் மொய் நோட்டு அவர் மடியில்தான். எழுதுகிறதைத் தெருமுனைக்குக் கேட்கும்படி கூவவும் செய்வார். அய்யாவின் பெயரைச் சொல்லி ஒரு ரூபாய் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு:

"அன்னாரின் மகள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், போடி கம்பெனி உத்தியோகம்... ரூபாய் அஞ்சு!"

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் பெயரில், அதுவும் கல்யாணமாகாத பெண் பெயரில், தனி மொய் எழுதி அதுவரை நான் கேட்டதில்லை. இலையில் இருந்த எனக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது. அய்யா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்க்கிற மாதிரி நின்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்த ஐந்து ரூபாய் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. பதினோரு பக்கத் தப்பைக் கண்டுபிடித்தவள், இதைக் கேட்கவில்லை.

சித்திரைக் கடைசியில் ஆலோசகர் மெட்ராஸ் திரும்பினார். போகிற அன்று என் மேஜைமேல் ஒரு பாஸ் புத்தகத்தை வைத்து விரித்துக் காட்டினார். இருநூற்று நாற்பது ரூபாய். "நீங்க சொன்னபடியே செஞ்சேன். எங்க நிறுவனத்திலே ஒருத்தரும் நம்பமாட்டாங்க," என்றார். வகுப்பில் சேர்வதற்கான தாளையும் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய ஆலோசனைக்குக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று பில்லை டைப் அடித்த எனக்குத் தெரியும். என் ஆலோசனைக்கு அவர் பஜாரில் ஒரு மைப்புட்டி வாங்கித் தந்தார்.

ஜூன் ஒன்றாம் தேதி மே சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், அம்மாவிடம் கவரைக் கொடுக்காமல், பானையை இறக்கச் சொன்னேன்.

"இப்ப எதுக்கு? பருப்பெல்லாம் கொட்டணும்."

"நானே கொட்டிக்கிர்றேன்."

மெட்ராஸ் வகுப்பைப் பற்றி அதுவரை வீட்டில் சொல்லவில்லை. கையில் பணத்தோடு சொன்னால் மறுக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பருப்பை முறத்தில் கொட்டினேன். அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால் நாலு ரூபாய்.

பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். மற்றப் பானைகளையும் இறக்கினேன். அம்மா அடுப்படியில் நின்றாள்.

"யாரும்மா எடுத்தா?"

"யாரும் எடுக்கலத்தா. எங்கயும் போகல. எல்லாம் உன் பேர்லதான் இருக்கு."

"என் பேர்ல எங்க இருக்கு?"

"ஊர்லதான். மொய்யில."

அய்யா வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா குரல் கொடுக்க, அவர் போய் மாமனைக் கூட்டிவந்தார். மாமன் எங்கள் வீட்டு வரவு செலவு மொய்யையும் தனியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார், அய்யாவுக்கு எழுதத் தெரியாததால். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏதோ நல்ல சேதி சொல்ல வருகிறவர் போல வந்தார்.

"பாரு தாயி, உனக்குன்னு தனிப் பக்கம் போட்டிருக்கேன்."

தனிப் பக்கம்தான். முப்பத்தொரு வரி. முப்பது ஐந்துகள், மாமன் மகள் கல்யாணத்துக்கு மட்டும் ஒரு பதினொன்று. கூட்டிப் பார்க்க எனக்கு நேரம் ஆகவில்லை. நூற்று அறுபத்தொன்று. கையில் நாலும், கவரில் இருந்த இந்த மாதப் பதினைந்தும் பத்தொன்பது. சேர்ந்தால் நூற்றெண்பது. ஒரு காசு குறையவில்லை. திருடு போயிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகக் கணக்கு நேராகியிருக்காது.

மொய்யின் முறை எனக்குத் தெரியாததல்ல. நாம் ஒரு வீட்டு விசேஷத்துக்கு எழுதினால், நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் கூட்டிப் போட்டுத் திருப்பி எழுதுவார்கள். நம் வீட்டில் விசேஷம் வருகிற வரை அது அவர்களிடம்தான். நடுவில் கேட்க முடியாது. கேட்டால் இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் உறவும் இல்லை என்று அர்த்தம்.

"என்னைக் கேக்காம எதுக்குய்யா என் பேர்ல எழுதுனீங்க?"

அய்யாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "உத்தியோகம் பாக்குற புள்ள. உன் பேர விட்டுட்டா ஊருல என்ன நினைப்பாக? ஒத்த ரூவா எழுதுனாலும் கேவலமில்ல?"

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்குக் காதுகுத்துல நீயும்தான கேட்ட. சிரிச்சுக்கிட்டுத்தான இருந்த."

நோட்டை மூடி மாமனிடம் நீட்டினேன்.

மெட்ராஸ் தாளை எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு நாள்தான் இருக்கிறது என்றேன். மாமன் தாளைத் தூரப் பிடித்துப் படித்தார். பிறகு அய்யாவைப் பார்த்துச் சொன்னார்:

"இதுக்கு ஏன் மாப்ளே மூஞ்சியத் தொங்கப் போடுறீக? ஆவணியில எம் மகனுக்கே முடிச்சுருவோம். இவ எழுதுனது நூத்தறுபது. அவுக கூட்டிப் போட்டா முந்நூறு வரும். கல்யாணம் முடிஞ்சு மெட்ராசு என்ன, எங்க வேணாலும் போகட்டும்."

"கல்யாணம் முடிஞ்சு உங்க மகன் என்னை மெட்ராசுக்கு அனுப்புவாராக்கும்?"

"அது எப்படி அனுப்புவான்? அப்பறம் அவனுக்கு யாரு சோறாக்குறது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அய்யாவும் சிரித்தார். அம்மாகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பருப்பைப் பானையில் அள்ளிப் போட்டாள். என் பன்னிரண்டு மாதத்தைத் திரும்ப எடுக்க ஊரில் ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் போனால் எதற்காக எடுக்கிறேனோ அது இல்லாமல் போகும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கத்தினேன்.

"அப்ப எனக்கு ஒரு விசேஷம் வைங்க. படிக்கப் போற விசேஷம். பந்தல் போட்டுச் சோறு போடுங்க. நானே பத்திரிகை டைப் அடிச்சுக் குடுக்கிறேன்."

"அப்படி ஒரு விசேஷம் இல்லியே தாயி," என்றார் மாமன். கேலியாகச் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டி, தேடிப் பார்த்துச் சொல்கிறவர் மாதிரி நிஜமாகவே சொன்னார். "காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு குடிபோறது. இதுக்குத்தான் எழுதுவாக. படிக்கப் போறதுக்கு எவன் எழுதுவான்?"

மறுநாள் ஆபீசில் முன்பணம் கேட்டேன். மெட்ராசுக்குப் போகப் போகிறவளுக்கு எதை நம்பி முன்பணம் தருவது என்றார் மானேஜர். அவர் கேட்டதும் நியாயம்தான்.

அதற்கு மறுநாள் காலை, ஆபீசுக்குப் போகும் வழியில் நான் ஒரு காரியம் செய்தேன். மாமன் நோட்டில் முதல் வரியில் இருந்த வீட்டுக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரேயே வீடு. வசதியானவர்கள். முறைக்கு எனக்குச் சின்னம்மா. போன ஆனியில் அவர் மகன் கல்யாணத்துக்கு என் ஐந்து ரூபாய் போயிருந்தது. கடலை உடைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் நின்று, மெட்ராஸ் விஷயத்தைச் சொல்லி, அந்த ஐந்தை இப்போது தர முடியுமா என்று கேட்டேன்.

அவர் கை நின்றது.

"என்னடி கேட்ட?"

திரும்பவும் சொன்னேன்.

"மொய்யக் கைமாத்து மாதிரி வாசல்ல வந்து கேக்குறியே! உங்கய்யா அனுப்புனாரா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன்."

"அஞ்சு ரூவாதான? இந்தா." இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்தார். "ஆனா ஒண்ணு. இத நீ வாங்கிட்டுப் போனா, நாளைக்கு உன் கல்யாணத்துக்கு நாங்க வரமாட்டோம். உங்கய்யா செத்தாலும் வரமாட்டோம். வாங்கிக்கிறியா?"

நோட்டை நீட்டியபடி இருந்தார். அய்யா சாவுக்கு யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன். முப்பத்தொரு வரிக்கும் இப்படி வாசல் வாசலாக நிற்க வேண்டும் என்றும் யோசித்தேன். வாங்கவில்லை.

"கல்யாணத்த வையி. பத்தா எழுதுறோம், ஊரு கேக்கக் கூவி எழுதுறோம்," என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார். "பொட்டப்புள்ளையப் படிக்கவச்சா இப்படித்தான் வீடு வீடா வசூலுக்குக் கெளம்பும் போல."

சாயங்காலம் நான் வீடு திரும்புவதற்கு முன் சேதி வந்து சேர்ந்திருந்தது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அய்யா சின்னம்மா வீட்டுக்குப் போய், சின்னப் பிள்ளை தெரியாமல் கேட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். நான் தெரியாமல் கேட்கவில்லை.

ஜூன் முதல் வாரம் முடிந்தது. தாளைப் பூர்த்தி செய்தபடியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஆலோசகருக்கு எழுதிக் கேட்டதற்கு, அடுத்த ஜூனிலும் அதே வகுப்பு உண்டு என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தில், தன்னுடைய பாஸ் புத்தகத்தில் இப்போது முந்நூற்றுப் பத்து இருப்பதாகவும் எழுதியிருந்தார். அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

ஜூலை ஒன்றாம் தேதி அரை நாள் லீவு போட்டுவிட்டு, நானே போஸ்டாபீசுக்குப் போய்க் கணக்குத் தொடங்கினேன். கையில் இருந்த பத்தொன்பதோடு அந்த மாதப் பதினைந்து. முப்பத்துநாலு. வீட்டில் முப்பத்தைந்தைக் கொடுத்தேன். மீதி எங்கே என்று அம்மா கேட்கவில்லை. பாஸ் புத்தகத்தைப் பானைக்குப் பக்கத்தில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன்.

இப்போது காலையில் பஸ்ஸில் வரும்போது, ஜன்னல் வழியே தெரிகிற வீடுகளில் எதில் என் ஐந்து ரூபாய் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓடு மாற்றிய வீட்டில் ஐந்து. வேப்பமரத்து வீட்டில் இரண்டு தடவையாகப் பத்து. எல்லா வீட்டுக்காரர்களும் என்னைப் பார்த்தால் மரியாதையாகச் சிரிக்கிறார்கள். எப்போ கல்யாணச் சோறு போடுவே என்று கேட்கிறார்கள்.

மாமன் சொன்ன கல்யாணத்துக்கு நான் தலையாட்டவில்லை. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அய்யாவின் பங்காளி வீட்டார் புது வீடு குடிபோனார்கள். மாமனுக்குக் கண்ணில் புரை. எழுத்து வரிக்கு வரி ஏறி இறங்குகிறது என்று போன விசேஷத்திலேயே புகார் வந்திருந்தது. படித்தவள் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது? நோட்டை என் மடியில் வைத்துவிட்டார்கள். நான் எழுத வேண்டும், அதை மாமனிடம் வாயால் சொல்ல வேண்டும், அவர் கூவுவார்.

நாற்பது பேருக்கு மேல் எழுதியிருப்பேன். அய்யா வந்தார். துவைத்த வேட்டி. குனிந்து முதலில் ஒரு ரூபாயை வைத்தார். பிறகு மடியிலிருந்து ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, அதைத் தனியாக வைத்தார்.

"இது உன் பேர்ல," என்றார், குரலைத் தாழ்த்தி.

என் பணம் அதில் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று இந்த முறை எனக்குத் தெரியும். முந்தின வாரம் முழுக்க அவர் குரங்கணியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கழுத்துக்குப் பின்னால் தோல் உரிந்திருந்தது, அம்மா விளக்கெண்ணெய் போட்டுவிட்டாள்.

பேனா என் கையில் இருந்தது. அய்யாவுக்கு எழுத்து தெரியாது. நான் எதை எழுதினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை, மாமன் கூவுகிற வரை.

அய்யா பெயரை எழுதி, நேராக ஆறு ரூபாய் என்று எழுதினேன். அதையே மாமனிடம் சொன்னேன். மாமன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, கூவினார். ஆறு ரூபாய் என்றார். அதோடு அடுத்தவர் பெயர்.

அய்யா நகராமல் நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தள்ளினார்கள்.

"ஏத்தா, உன் பேர விட்டுட்டியே."

"விடலய்யா. எம் பேர்ல போஸ்டாபீசுல எழுதிக்கிர்றேன்."

"அங்க யாரு கூவுவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பெயரைக் கேட்டேன். அவர் பந்தல் பக்கம் போனார். பந்தியில் உட்காராமல், தோளில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டார். அம்மா இலையிலிருந்து எழுந்து பார்த்தாள்.

அந்த ஐந்து ரூபாய் என்னிடமும் இல்லை, என் பெயரிலும் இல்லை. என் பாஸ் புத்தகத்தில் அன்றைக்கு நாற்பத்தொன்பது இருந்தது. அடுத்த ஜூனில் நூற்றைம்பதைக் கட்ட இன்னும் நூற்றொன்று வேண்டும். அடுத்த ஆள் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, ஒரு ரூபாயை வைத்துவிட்டு, நான் எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தார். எழுதினேன்.